மலையேறிய சைக்கிள்

மூத்த மகளைக் கட்டியவன் மலையை விட்டு இறங்கிப் போனவன்தான், இன்றுவரை திரும்பவில்லை. அதனால் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வாங்கும் அர்த்தனாரி, சின்னவள் பாவாயியைப் பெண் கேட்டபோது செங்கோடனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் கையில் பிடித்திருந்த சைக்கிளைப் பார்த்தார்.

"இதோட எங்க ஊட்டுக்கு வா. அப்புறம் பேசலாம்."

கொல்லிமலைக்கு வெள்ளைக்காரன் இன்னும் ரோடு போடவில்லை; ஏறுவதற்கு ஒற்றையடிப் பாதைதான். இனி வரமாட்டான் என்று செங்கோடன் நிம்மதியாக இருந்தார்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் அர்த்தனாரி சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றான். 'எந்தச் சாமிக்குங்க இந்தக் காவடி' என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே தொண்டை வறண்டிருந்தது.

"என்னப்பா, சைக்கிள் மேல நீ வருவேன்னு பார்த்தா, உன் மேல சைக்கிள் வருது?"

"பாதை செங்குத்துங்க மாமா."

"எங்க களம் சமமாத்தான இருக்குது. ஏறி ஒரு சுத்துச் சுத்திக் காட்டு."

அர்த்தனாரி தலையைச் சொறிந்தான். கதவுக்குப் பின்னால் பாவாயி சிரித்தாள்.

"ஓட்டத் தெரியாதுங்க மாமா. மொளகு மூட்டையை மேல வச்சுத் தள்ளிக்கிட்டுப் போகத்தான் வாங்கினேன். நீங்க கொண்டாரச் சொன்னீங்க, கொண்டாந்துட்டேன்."

செங்கோடன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பாவாயி, மாப்பிள்ளைக்குத் தண்ணி கொண்டா. ஓட்டத் தெரிஞ்சவனா இருந்தா எறக்கத்துல ஒரே மூச்சாப் போயிருவான். இவன் போனாலும் நடந்துதான் போவான், புடிச்சுக்கலாம்."