பன்னிரண்டாம் மாடி வெயில்

“தீர்ந்துபோற சக்தி, தீராத சக்தின்னு ரெண்டு இருக்கு” என்று ஆரம்பித்தார் கமலநாதன்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் சேர்மன். ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தள மண்டபத்தில் குடியிருப்போர் கூட்டம். மைக் கைக்கு வந்துவிட்டால் மனிதர் லேசில் விடமாட்டார்.

“நிலக்கரி, எண்ணெய், கேஸ் எல்லாம் பூமிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான். எடுக்க எடுக்க ஒரு நாள் காலி. ஆனா வெயில்? நாளைக்கும் வரும், நம்ம பேரப்பிள்ளைங்க காலத்திலயும் வரும். அதான் மொட்டை மாடியில சோலார் போட்டோம். அடுத்த வாரம் பசுமைக் குடியிருப்புப் போட்டிக்கு ஜட்ஜ் வர்றாங்க. கப்பு நமக்குத்தான் லா!”

கைதட்டினார்கள். பின்வரிசையில் அவர் மனைவி மாதவியும் வேறு வழியில்லாமல் தட்டினாள். கப்பை வைக்க அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டார் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

“ஆனா ஒரே ஒரு வீடு நம்ம மானத்தை வாங்குது. ஜெயராஜ், நான் எடுத்த படத்தைப் போடுங்க.”

செயலாளர் ஜெயராஜ் லேப்டாப்பைத் தட்டினார். திரையில் பன்னிரண்டாம் மாடி பால்கனி வந்தது. கொடி நிறையத் துணி.

யாரும் கூப்பிடாமலே ரமணி எழுந்து நின்றாள். கணவன் இறந்த பிறகு மகளோடு வாடகைக்கு இருப்பவள். பக்கத்திலிருக்கும் பங்சாரில் ஒரு பல் கிளினிக்கில் வேலை.

“என் வீடுதாண்ணே.”

“பால்கனியில துணி காயப்போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது, சிஸ்டர்? கட்டடமே அசிங்கமாத் தெரியுது. மழை வந்தா வேற கீழ் வீட்டுல சொட்டுது.”

“மழை இருட்டும்போதே என் மக எடுத்துடுவா. ஒரு சொட்டு விழுந்ததா யாராச்சும் சொல்லட்டும்.”

பதினொன்றாம் மாடிக்காரர் இல்லையென்று தலையாட்டினார்.

“டிரையர் வாங்குங்க. எங்க வீட்டுலயும் அதான். இதோ பாருங்க.” கமலநாதன் தம் பாத்தேக் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். நீலத் துணியில் மஞ்சள் செம்பருத்தி போட்ட சட்டை. “டிரையர்ல காஞ்சது. எப்படி மொடமொடன்னு இருக்கு!”

“டிரையருக்குக் கரண்டு எங்கேருந்து வருதுண்ணே?”

“பிளக்லேருந்துதான்!”

அவர் எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை.

“அந்த பிளக்குக்குப் பின்னால நீங்க சொன்ன நிலக்கரியும் கேஸும்தானே எரியுது? தீர்ந்துபோறதை எரிச்சு நான் துணி காயவைக்கணும். தீராத வெயில் என் பால்கனியில சும்மா நிக்கணும். இதுக்கா கப்பு?”

“அதான் சோலார் இருக்கே!”

“அது லிப்டுக்கும் நடைபாதை விளக்குக்கும்தாண்ணே. வீட்டுக்குள்ள வர்றதில்லையே.”

இப்போது சிரித்தார்கள். கமலநாதனுக்குச் சுருக்கென்றது. வாதத்தில் தோற்ற மனுஷன் வேறு எதையாவது கையில் எடுக்க வேண்டுமே, எடுத்தார்.

“ஜெயராஜ், படத்தைப் பெருசாக்குங்க. அந்த ஓரத்துல. ஆங், அதுதான். இது ஆம்பிளைச் சட்டை. வாரா வாரம் காயுது. ஆம்பிளை இல்லாத வீட்டுல இது யார் சட்டை, சிஸ்டர்? நாங்க கண்ணை மூடிக்கிட்டு இருக்கணுமா?”

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் நன்றாகப் பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டினார்கள். ரமணியின் முகம் சிவந்தது. குரல் மட்டும் இறங்கவில்லை.

“யார் சட்டைன்னு சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். துணியையும் எடுக்கமாட்டேன்.”

“அப்படின்னா உங்க வீட்டு ஓனருக்கு இன்னிக்கே எழுதிடுவோம். இந்த மாசமே நீங்க காலி பண்ண வேண்டியிருக்கும்.”

“எழுதுங்க. காலி பண்ற அன்னிக்கும் என் துணி வெயில்லதான் காயும்.”

இத்தனைக்கும் அந்தம்மாவுக்கு இந்த வாடகையில் இந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது. அது கமலநாதனுக்கும் தெரியும். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“வாக்குக் குடுத்தாங்களாம்! யாருப்பா அந்த ஐயா? இங்கதான் இருக்காரா? தைரியம் இருந்தா எந்திரிக்கட்டும்.”

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. எழுந்தது மாதவி.

“நீ உக்காரு மாதவி. நான் ஆம்பிளையைக் கேட்டேன்.”

“வாக்கு வாங்கினது நான்தாங்க” என்றாள் மாதவி. அவள் உட்காரவில்லை. “நீங்க ஆசையா வாங்கின டிரையர்ல போட்ட முதல் சட்டையே சுருங்கிப்போச்சு. சொன்னா குதிப்பீங்க. நம்ம பால்கனியில போடலாம்னா சேர்மன் வீடு. அதான் ரமணிகிட்ட கெஞ்சினேன், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. இவ்வளவு அசிங்கமா கேட்டீங்க. அப்பவும் அவ என் பேரைச் சொல்லல.”

கமலநாதன் திரையைப் பார்த்தார். வெளிறிய ஏதோ ஒரு சட்டையாகத்தான் அது அவருக்குத் தெரிந்தது.

“பூ மங்கிடக் கூடாதுன்னு உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போட்டிருக்கு. நீங்க என்னிக்குக் கொடியைப் பாத்திருக்கீங்க, அடையாளம் தெரிய?”

மண்டபமே ஒரு தடவை திரையைப் பார்த்தது. பிறகு சேர்மனின் நெஞ்சைப் பார்த்தது.

“இப்ப நீங்க போட்டிருக்கீங்களே, அந்தச் சட்டைதாங்க அது. நாளையிலேருந்து நம்ம பால்கனியில காயும்.”