கப்பலில் வந்த ஸ்வெட்டர்

“அடக் கடவுளே! வெள்ளத்துல வீட்டையே பறிகொடுத்தவங்களுக்குக் குதிகால் செருப்பு அனுப்பியிருக்காங்க பாரு!”

நர்ஸ் அக்கா செருப்பைத் தூக்கிக் காட்ட, கிடங்கே சிரித்தது. கடல் கடந்து உதவ வந்திருந்த கிறிஸ்தவ நிவாரணக் குழு, கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்துத் துணிகளை ரகம் பிரித்துக்கொண்டிருந்தது. அனுப்பியவர்களுக்கும் அலமாரி காலியாக வேண்டுமே!

“தண்ணி டாக்டர், இந்தாங்க உங்க ஊர்ச் சபையிலேர்ந்து வந்த பெட்டி!”

குடிநீரைச் சுத்திகரிக்கும் மெஷினை ஓட்டத் தெரிந்தவன் அந்த முகாமிலேயே அந்த இளைஞன் ஒருவன்தான். அதனால் அந்தப் பட்டம்.

“ஊர்ல இந்தப் பேரைச் சொல்லிடாதீங்கக்கா, எனக்குப் பொண்ணே கிடைக்காது.”

“சரி சரி. லீவு கிடைச்சுதா?”

“எங்கே? அம்மாவுக்கு முடியலைன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். மாத்து ஆள் வரட்டும்கறார் பாஸ்டர். நான் போயிட்டா ஜனங்க தண்ணியில்லாமத் தவிச்சுப் போவாங்களாம்.”

குழுத் தலைவரான பாஸ்டர் மூலையில் நின்று பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். செல்போன் கோபுரங்கள் சாய்ந்து கிடந்ததால், அவரிடமிருந்த சாட்டிலைட் போன் ஒன்றுதான் வழி. எல்லார் வீட்டுக்கும் அவரே பேசி, அவரே சேதி சொல்வார்.

“அம்மா இப்போ எப்படியிருக்காங்களாம்?”

“அது ஒண்ணுதான்க்கா ஆறுதல். முன்னெல்லாம் ராத்திரி பூரா இருமிக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. போன மாசத்துலேர்ந்து இருமலே இல்லையாம். நிம்மதியாத் தூங்கறாங்கன்னு பாஸ்டர் சொன்னார்.”

பெட்டியைப் பிரித்தான். மேலாகவே ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர்.

“அட, இது நான் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்ததுக்கா! முழங்கையில இந்த ஒட்டுப் போட்டதும் நான்தான். தனக்குக் குளிருமேன்னு நினைச்சாங்களா பாருங்க! தூக்கிக் கொடுத்துட்டாங்க.”

“கொடுத்து வெச்ச பிள்ளைப்பா நீ.”

பெருமையோடு ஸ்வெட்டரை உதறினான். அதன் பையிலிருந்து மூக்குக்கண்ணாடி விழுந்தது. பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். காது மெஷின். தேய்ந்த செருப்பு. துவைத்து மடித்த அம்மாவின் துணிகள் அத்தனையும்.

கண்ணாடியை எடுத்துப் பாஸ்டரை நோக்கித் தூக்கிக் காட்டினான்.

“பாஸ்டர்... கண்ணாடி இல்லாம எங்கம்மாவால ஒரு வரி படிக்க முடியாதே. இதையெல்லாம் ஏன் கொடுத்தாங்க? நேத்துகூட அம்மா நிம்மதியாத் தூங்கறாங்கன்னுதானே சொன்னீங்க?”

பாஸ்டர் பதறவில்லை. பக்கத்தில் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

“நான் எங்கே தம்பி பொய் சொன்னேன்? காலமானவங்களைக் கர்த்தருக்குள்ள தூங்கறாங்கன்னுதானே நம்ம சபையில சொல்வோம்? சரி, ஜனங்க குடத்தோட நிக்கறாங்க... போய் மெஷினைப் போடுங்க.”