சீனியாரிட்டி கம்ப்யூட்டர்

"பாருங்க, நல்லாப் பாருங்க! மேனேஜர் நாற்காலியில யார் உட்கார்ந்திருக்கான்னு பாருங்க!"

ஹெட் கிளார்க் கண்ணாடிக் கதவைக் கண்ணால் காட்டினார். கேஷியர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். உள்ளே மேனேஜரின் புத்தம் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டேட்டா என்ட்ரி பெண் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"தினமும் இதே கூத்துதான். மத்தியானம் சாப்பிட்டதும் உள்ளே போறா, சாயங்காலம்தான் வெளியே வர்றா."

"மேனேஜர் எங்கே?"

"யாருக்குத் தெரியும்? சாப்பிட்ட கையோட ஆள் காணாமப் போயிடறார். எங்கேயாவது குறட்டை விட்டுக்கிட்டிருப்பார். ஏ.சி. ரூமும் புது மெஷினும் நேத்து வந்த தற்காலிகத்துக்கு!"

ஹெட் கிளார்க்குக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தத் தண்ணீர்க் கட்டண அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு முறை உண்டு. புதிது வந்தால் மேனேஜருக்கு. மேனேஜருடைய பழையது ஹெட் கிளார்க்குக்கு. அவருடையது கேஷியருக்கு. இப்படியே படிப்படியாக இறங்கி, உயிர் போகிற கட்டத்தில் கடைசி ஆளின் மேஜைக்கு வந்து சேரும்.

கடைசி ஆள் அந்தப் பெண். ஊரிலுள்ள அத்தனை வீட்டு மீட்டர் கணக்கையும் ஏற்றுபவள் அவள் ஒருத்திதான். மேனேஜருக்கு நாளைக்கு இரண்டு கடிதம் அடித்தால் வேலை முடிந்தது. ஹெட் கிளார்க் தம் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் சீட்டு விளையாடினார். அதிலும் தோற்றுக்கொண்டிருந்தார்.

அவளுடைய மெஷின் ஓட ஆரம்பித்தால் மாவு மில்லுக்குள் நிற்பது மாதிரி இருக்கும். தலை வலிக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து அதையும் அவளையும் பின்பக்க ரிக்கார்டு ரூமுக்குத் தள்ளிவிட்டார்கள். அப்புறம் அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

அந்த மெஷினோடு மல்லுக்கட்டியதில் போன மாதம் கணக்கு பாக்கி விழுந்தது. இந்த மாதமும் முடிக்காவிட்டால் வேலை கிடையாது என்று தலைமை அலுவலகம் கறாராக எழுதிவிட்டது. அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பாவம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஹெட் கிளார்க் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"யாரும்மா உன்னை இங்கே உட்காரச் சொன்னது?"

"மேனேஜர் சார்தான், சார்." கை நிற்கவில்லை.

"அவர் எங்கே?"

"அதை... அவரையே கேட்டுக்குங்க சார்."

வெளியே வந்த ஹெட் கிளார்க்கின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"கேட்டீங்களா? அவரே உட்காரச் சொன்னாராம்! அவர் எங்கேன்னு கேட்டா முழிக்கறா. இதுல என்னமோ இருக்கு."

"சேச்சே! அவர் பொண்ணு வயசுங்க அதுக்கு."

"இருந்தா என்ன? வயசு யாரைத் தடுக்குது?"

கேஷியர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் காதை மட்டும் அந்தப் பக்கமே வைத்திருந்தார்.

"இங்கே ஒரு போட்டோ. காலியாக் கிடக்கற அவ சீட்டை ஒரு போட்டோ. ரெண்டையும் தலைமை அலுவலகத்துக்குத் தட்டிவிட்டா, அவ வீட்டுக்கு, இவர் வேற ஊருக்கு!"

"மாசக் கடைசிங்க. பாவம், அவ கணக்கை முடிச்சுக்கட்டுமே."

"எனக்கு மட்டும் அவ மேல என்ன விரோதமா? ஆபீஸ்னா ஒரு ஒழுங்கு வேணாமா?"

ஒழுங்கைக் காப்பாற்றக் கிளம்பிய ஹெட் கிளார்க், கண்ணாடிக் கதவு வழியாக ஒரு போட்டோ எடுத்தார். அப்புறம் பூனை நடை நடந்து பின்பக்கம் போனார். ரிக்கார்டு ரூமை நெருங்கும்போதே மெஷின் அலறுவது கேட்டது.

'ஆளில்லாத மெஷினை ஓட விட்டுட்டு வேற போயிருக்கா! கரன்ட் என்ன இவ அப்பன் வீட்டுதா?' புகாரில் ஒரு வரி கூடியதில் அவருக்குப் பரம சந்தோஷம்.

போனைத் தூக்கிப் பிடித்தபடியே கதவைத் திறந்தார்.

மெஷின் முன்னால் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

சட்டை முழுக்க வியர்வை. கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை. ஒற்றை விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"சார்! நீங்க... இங்கே..."

"சத்தமாப் பேசுங்க. இது போடற சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"இந்த ஓட்டை மெஷின்ல நீங்க உட்கார்ந்துக்கிட்டு, உங்க சீட்டுல அந்தப் பொண்ணு..."

"எனக்கு ரெண்டு லெட்டர்தானே? இன்னிக்கு முடியலைன்னா நாளைக்கு அடிப்பேன். என்னை யார் வேலையை விட்டு அனுப்பப் போறாங்க? அவளுக்கு இந்த வாரத்துக்குள்ள ஊர்க் கணக்கே முடியணும்."

ஹெட் கிளார்க் சட்டென்று குரலில் தேனைக் கலந்தார்.

"அதுக்காக நீங்க இப்படிக் கஷ்டப்படணுமா சார்? புது மெஷினையே அவளுக்குக் கொடுத்துடலாமே! யார் வேண்டாம்கப் போறா?"

மேனேஜர் விரலை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"புதுசு வந்த அன்னிக்கே அவ மேஜைக்குத்தான் அனுப்பினேன். 'சீனியாரிட்டியை மீறிக் கம்ப்யூட்டரை இடம் மாத்தக் கூடாது'ன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, அதைத் திருப்பி என் ரூமுக்கே கொண்டுவர வெச்சது நீங்கதானே?"

ஹெட் கிளார்க் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டார்.

"நீங்க எழுதினபடியே நான் ஒரு கம்ப்யூட்டரையும் நகர்த்தலை," என்றார் மேனேஜர், மறுபடி விரலைத் தூக்கியபடி. "ஆளுங்க நகரக் கூடாதுன்னு எழுத மறந்துட்டீங்க."