மெஷின் ஓடும்வரை

மகள் விரும்பியவனோடு போன மறுநாளே, கார் டிக்கியில் ஒட்டியிருந்த அவள் பெயரைச் சதாசிவம் நகத்தால் சுரண்டி எடுத்தார். ஆனால் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வெயில் படாமல் புதிதாக இருந்தது. மாதங்கள் போயும் ‘மிதுனா’ என்று படிக்க முடிந்தது. பாலிஷ் மெஷின் வாங்கப் போனார்.

“வேகமா சுத்துறது வேணாம் சார். பழக்கமில்லாம புடிச்சா பெயிண்ட்டே எரிஞ்சிடும். இது மெதுவாத்தான் தேய்க்கும்,” என்றார் கடைக்காரர்.

பானெட்டில் வைத்துப் பழகினார். அழுத்தாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தக் கை பழகியதும் டிக்கிக்கு வந்தார். ‘மி’ மறைந்தது. ‘து’ மங்கும்போது தோள் வலித்தது. மெஷினை நிறுத்தினார்.

வீட்டு ஜன்னலுக்கு உள்ளே மனைவி மரகதம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“வாந்தி நின்னுச்சாடி? வெறும் வயித்தோட இருக்காத. அப்பாவா? வெளிய மெஷின் ஓட்டிக்கிட்டு...”

வெளியே சத்தம் நின்றுவிட்டது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பேச்சு பாதியில் அறுந்தது.

சதாசிவம் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சுவிட்சைப் போட்டு, மெஷினைப் பெயிண்ட்டில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டார்.