எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகலாம்

நடைவழியில் இரண்டு பழைய டப்பா டிவிகள், கோபித்துக்கொண்ட தம்பதி போல முதுகோடு முதுகாக, சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்திருக்கின்றன. ஆளுக்கொரு திரை முன்னால் நின்று எதிரெதிராக வீடியோ கேம் சண்டை விளையாடலாம். "எங்க வேணும்னாலும் தள்ளிட்டுப் போகலாம், மாமா!" மச்சான் என்னிடம் சொல்லி வாய் மூடவில்லை, பாரம் தாங்காமல் நான்கு சக்கரங்களும் காலைப் பரப்பிவிடுகின்றன. அந்த நேரம் பார்த்து எதிரே குளியலறைக் கதவு திறந்து, டிவியில் இடித்து, நாலு விரல் இடுக்கோடு நிற்கிறது. உள்ளே மாமனார். "டேய், யார்ரா வழியை அடைச்சது?" இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறோம். பலகை அசைவேனா என்கிறது. கதவுப் பக்கத் திரையில் இரண்டு வீரர்கள் முஷ்டியை ஆட்டியபடி காத்திருக்க, நீல வெளிச்சம் இடுக்கு வழியே உள்ளே போகிறது. திட்டு நின்றுவிடுகிறது. ஈரக் கை ஒன்று வெளியே நீள்கிறது. "அந்த ஜாய்ஸ்டிக்கை இப்படிக் குடு. செவப்புச் சட்டைக்காரன் நான்தான்."