சீல் உடையாத பாட்டில்

குளிர் தேசத்து வீடு ஒன்றில், சுவரோரம் நின்ற இரும்பு ரேடியேட்டர் வயிற்றில் வெந்நீரைச் சுமந்து கூடத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் கலக்க, வீட்டுக்காரர் ஞானவேல் துருத்தடுப்பு மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். அன்று ஆயுத பூஜை. பாட்டிலுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ரேடியேட்டர் மேல் உட்காரவைத்தார். அதோடு சரி.

"அண்ணே, உள்ளே துரு அரிக்குது. கொஞ்சம் இறங்கி வாங்களேன்" என்றது ரேடியேட்டர்.

"இறங்கினால் சீல் உடையுமே. நான் மேலே இருக்கிற தைரியத்தில் நீ நிம்மதியா இரு" என்றது பாட்டில்.

வருஷா வருஷம் குங்குமம் பெரிதானது. உள்ளே தண்ணீர் கறுத்தது. ஐந்தாவது குளிர்காலத்தில் ரேடியேட்டரின் அடியில் ஓட்டை விழுந்து, கூடமெல்லாம் கறுப்புத் தண்ணீர்.

"இத்தனை நாள் தாங்கினதே இந்த மருந்தாலதான்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ஞானவேல் பாட்டிலைத் துடைத்தார்.

புது ரேடியேட்டர் வந்தது. தலைமேல் பாட்டில் வந்து உட்கார்ந்ததும், "ஐயா யாரு?" என்று பணிவாகக் கேட்டது.

"உனக்கு முன்னால் இருந்தவனைக் கடைசி மூச்சு வரைக்கும் காப்பாற்றினவன்" என்றது பாட்டில்.