காலி இடத்தில் நிற்பவள்

காலை பதினொரு மணிக்கே போட்டோ ஸ்டுடியோவில் லேப்டாப் அடுப்பாய்க் கொதிக்கிறது. மடியில் வைத்து வேலை செய்யும் கருவி என்று இதற்குப் பெயர் வைத்தவனின் மடியில்தான் இதை வைக்க வேண்டும் என்று டிசைனர் பல்லைக் கடிக்கிறாள். பொறுமை அவளிடம் மருந்துக்கும் கிடையாது, அவளே ஒப்புக்கொள்வாள். பக்கத்து நாற்காலியில் பெரியவர். திரையில் அவருடைய குடும்பப் படம். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை அதிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். டிசைனர் மகளை அழிக்கிறாள். காலி இடத்தைத் தானாக நிரப்பும் புது மென்பொருள் யோசித்து யோசித்து, முன்பின் தெரியாத ஒருத்தியை அங்கே சிரித்தபடி நிறுத்துகிறது.

“யாரும்மா இவ?”

“எனக்கென்ன சார் தெரியும்? அதுவே கூட்டிட்டு வருது.”

மறுபடி அழித்தால் மஞ்சள் சட்டையில் இன்னொருத்தி. மூன்றாவதாக வந்தவளுக்கு ஒரு கையில் ஆறு விரல். டிசைனர் மவுஸை மேசையில் அறைகிறாள்.

“கிண்டல் பண்றியா? ஒருத்திய எடுக்கச் சொன்னா ஊர்ப் பொண்ணுங்களையெல்லாம் கொண்டாந்து நிறுத்துற!” பெரியவரின் குரலில் கண்ணாடிக் கதவு அதிர்கிறது.

“கத்தாதீங்க சார். உங்க கையப் பாருங்க, யாரையோ அணைச்சாப்ல நிக்குது. அதான் அது ஆள் தேடுது.”

ஆறுவிரல்காரியையும் நீக்கிக் காட்டுகிறாள். படத்தில் அவருடைய வலது கை, அழித்த இடத்தில் தெரியும் கட்டம் கட்டமான வெற்றிடத்தை வளைத்துப் பிடித்திருக்கிறது.

“அப்ப அந்தக் கையையும் வெட்டு!”

திரையில் மவுஸின் அம்புக்குறி மணிக்கட்டின் மேல் அசையாமல் நிற்கிறது. லேப்டாப்பின் விசிறி இரைகிறது. நாற்காலியில் பெரியவர் தன் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.